பகடையும் கதையும்

கதை சொல்வது வேறு. கதை நடத்துவது வேறு. முன்னதில் தலைவன் எந்தக் கதவைத் திறப்பான் என்பதை ஆசிரியர் முடிவு செய்கிறார். பின்னதில் அதை முடிவு செய்பவன் எதிரே சம்மணமிட்டிருக்கும் விடுதி நண்பன்.

1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. அதற்கு முன்பே ஆர்னசன், 'பிளாக்மூர்' என்னும் கற்பனை நாட்டில் மினசோட்டா நண்பர்களை உலவவிட்டிருந்தார். ஒருவர் நடத்துநர், ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம். எடுத்த செயல் பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். ஒரே கதை மாதக்கணக்கில் நீள்வதைத் தொடராட்டம் எனலாம்.

சென்ற பருவத்தில் ஐவரைக் கொண்டு நான் தொடங்கிய தொடராட்டம் மூன்றாம் அமர்விலேயே படுத்துவிட்டது. குற்றம் என்னுடையதே. களவுபோன முத்திரை மோதிரம் எங்கே என்பதற்கு ஒரே துப்புத்தான் வைத்திருந்தேன்: கணக்கர் மேசையில் ஒரு கடிதம். அது கண்ணில் பட, இருபது முகப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழவேண்டும். வாய்ப்புச் சரிபாதி. விழுந்ததோ 7. இரண்டு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இளநிலை மாணவத் தம்பி ஒருவன், "தேர்வு இருக்கிறது, அண்ணா" என்று எழுந்து போனான். தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது!

நிகழ்தகவைப் பாடமாகப் படிப்பவனுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டாமா? கடிதம், படகோட்டியின் சொல், சேறு படிந்த செருப்பு என அதே செய்திக்கு மூன்று துப்புகள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் சரிபாதி வாய்ப்பே ஆயினும், மூன்றும் ஒருசேரத் தவறுவது எட்டில் ஒரு முறைதான். அதனினும் நன்று, இன்றியமையாத துப்பைப் பகடையிடம் ஒப்படைக்காமலே இருப்பது. கடிதம் கிடைத்தே தீரும். பகடை தவறினால் காவலன் விழித்துக்கொள்வான், அவ்வளவே.

தோழர்களே, முடிவையும் எழுதி வைக்காதீர்கள். பகைவன் யார், அவனுக்கு வேண்டுவது யாது, எவரும் தடுக்காவிட்டால் அடுத்து என்ன செய்வான்? இவற்றுக்கு அரைப் பக்கம் போதும். நான் நாற்பது பக்கம் எழுதினேன், பயன்பட்டவை மூன்று.

அதுவரை நாங்கள் ஆங்கிலத்திலேயே ஆடிவந்தோம். தம்பியை மீண்டும் வலிந்து அழைத்தபோது தமிழுக்கு மாறினோம். முதலிரண்டு துப்புகளும் தவறின. படகோட்டியாக நான் வாய் திறக்குமுன், அவ்வளவு நாள் வாளாவிருந்தவன் தஞ்சாவூர்ச் சந்தைப் பேச்சில் பேரத்தைத் தொடங்கிவிட்டான். செய்தியைச் சொல்லிவிட்டேன். பகடையை உருட்ட யாருக்கும் நினைவு வரவில்லை.