மனப்பாடம் மட்டும் போதுமா?

கேள்வி: உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகன் வரலாற்றை வரிவிடாமல் மனப்பாடம் செய்கிறான். ஆனாலும் ஆதாரக் கேள்விகளில் மதிப்பெண் குறைகிறது. என்ன செய்யலாம்?
– ஒரு தாய், தேக்கா

பதில்: அம்மா, அந்தக் கேள்விகள் ஞாபகசக்தியைச் சோதிப்பவை அல்ல. யார், எப்போது, யாருக்காக, எந்த நோக்கத்தோடு சொன்னார் என்று ஆராயச் சொல்பவை. வீட்டிலேயே பழக்கலாம். எடுத்துக்காட்டாக, 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அன்றைய செய்தித்தாள்கள் தேசிய நூலக வாரியத்தின் இணையத் தொகுப்பில் கிடைக்கின்றன. வீழ்ச்சிக்கு முந்தைய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் செய்தி ஒன்றையும், ஜப்பானியர் வெளியிட்ட சியோனான் டைம்ஸ் செய்தி ஒன்றையும் அருகருகே வைத்து, “எதை நம்புவாய், ஏன்?” என்று கேளுங்கள். ஆதாரத்திலிருந்து மேற்கோள், அதற்கு விளக்கம், பாடநூலிலிருந்து ஒரு சான்று: மூன்றும் பதிலில் இருக்கட்டும். பிறகு பழைய தேர்வுத்தாள்களைக் கடிகாரம் வைத்து எழுதச் சொல்லுங்கள்.