சென்டம் ரிசல்ட்டின் உள்கணக்கு

தேனாம்பேட்டையில் எல்டாம்ஸ் ரோட்டை ஒட்டிய தெருக்களில் மே மாதம் வந்தால் ஒரே பேச்சுதான்: யார் பிள்ளைக்கு எந்த ஸ்கூலில் சீட். கோபாலபுரம், மயிலாப்பூர், தி. நகர், நுங்கம்பாக்கம் என எந்தப் பக்கம் போனாலும் ஆட்டோ தூரத்தில் பெயர்பெற்ற தனியார் பள்ளிகள். மார்க் பார்த்து ஆள் எடுக்கும் அப்படி ஒரு பள்ளியில் படித்து 2007-இல் பிளஸ் டூ முடித்தேன். பெயர் வேண்டாம். அங்கே நடந்தது அங்கே மட்டும் நடந்ததும் இல்லை. இப்போது கூடப் படித்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி தேடுகிறார்கள், என்னிடமும் கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரிசல்ட் வந்த மறுநாள் வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டிவிடுவார்கள். நூறு சதவீதத் தேர்ச்சி, இத்தனை சென்டம், சிரிக்கும் முகங்கள். 2017-இல் தமிழக அரசு ரேங்க் அறிவிப்பதையே நிறுத்தியது. ஃப்ளெக்ஸ் மட்டும் நின்றபாடில்லை. அதில் அச்சிடாத ஒரு எண்ணைக் கேளுங்கள்: பத்தாம் வகுப்பு எழுதியவர்களில் எத்தனை பேர் அதே பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குப் போனார்கள்?

எங்கள் நாளில் மெட்ரிக் தேர்வுக்கு 1100 மார்க். ரிசல்ட் வந்ததும் ஃபர்ஸ்ட் குரூப்புக்கு ஒரு கோடு கிழித்தார்கள். கோட்டுக்குக் கீழே இருந்தால் எல்.கே.ஜி.யிலிருந்து அங்கேயே படித்த பிள்ளையாக இருந்தாலும், "டி.சி. வாங்கிக்கோங்க சார், வேற நல்ல ஸ்கூல்ல கிடைக்கும்" என்று அப்பாவிடம் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். காலியான இடங்களில் வேறு பள்ளிகளில் அதிக மார்க் வாங்கியவர்கள் ஃபீஸ் சலுகையோடு வந்து உட்கார்ந்தார்கள். இப்படிச் சலித்தெடுத்த பிறகு நூறு சதவீதம் வராமல் என்ன செய்யும்? அதில் பாடம் நடத்தியதற்கு எவ்வளவு, சல்லடைக்கு எவ்வளவு என்று எந்தப் பள்ளியும் பிரித்துக் காட்டாது.

நல்லதையும் சொல்லவேண்டும். காலையில் எழுதிய ஸ்லிப் டெஸ்ட் பேப்பர் மறுநாளே சிவப்பு மையோடு கைக்கு வந்துவிடும். எந்த ஸ்டெப்பில் அரை மார்க் போயிற்று என்று மிஸ் ஓரத்தில் எழுதியிருப்பார். மூன்று மணி நேரப் பரீட்சை எதற்கும் பிறகு நான் பயந்ததில்லை. அதைவிடப் பெரிய லாபம் பக்கத்து பெஞ்ச். கேள்வி கேட்டால் கேலி செய்யாத பிள்ளைகள், மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸை மூடாமலே ஒரு கணக்கைப் பற்றிச் சண்டை போடும் பிள்ளைகள். என்னைக் கேட்டால், அந்தப் பள்ளிகளுக்குக் கட்டும் பணத்தில் பாதி இந்த சகவாசத்துக்குத்தான்.

ஆனால் அதே சகவாசம் நடுவாந்திரப் பிள்ளையை என்ன செய்யும் என்பதையும் பார்த்திருக்கிறேன். மார்க் வரிசையில் செக்‌ஷன் பிரித்தார்கள், டெர்முக்கு ஒருமுறை மாற்றினார்கள். முப்பதாவது ரேங்க் எடுத்தவன் வேறு பள்ளியில் முதல் ஐந்துக்குள் வருவான். அவனுக்கோ, அவன் வீட்டாருக்கோ அது தெரியாது. மக்கு என்று தானே முடிவு கட்டிக்கொள்வான். மாணவர்களுக்கு என் யோசனை: பள்ளிக்குச் சம்பந்தமே இல்லாத ஓரிடம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலகம் வாய்த்தது. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-இல்தான் வந்தது, நாங்கள் கொடுத்துவைக்கவில்லை.

அடுத்தது பதினொன்றாம் வகுப்பு. காலாண்டு முடிந்த கையோடு பிளஸ் டூ புத்தகத்தைப் பிரித்துவிட்டார்கள். எங்கள் செட்டுக்குத்தான் பொறியியல், மருத்துவ நுழைவுத் தேர்வு எடுக்கப்பட்டது. அரசாணை, கோர்ட், சட்டம் என்று இழுபறியாக இருந்து 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு அது முடிவுக்கு வந்தது. பிளஸ் டூ மார்க் ஒன்றே கட்-ஆஃப் என்றானபின் லெவன்த் பாடத்தைச் சீண்டுவார் யார்?

அதன் வட்டியைக் கல்லூரியில் கட்டினோம். முதல் வருடம் மெக்கானிக்ஸ் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்து வந்தவன். ஆங்கிலத்தில் திணறுவான், ஆனால் விசைகளைப் படம் போட்டுப் பிரிப்பதில் கில்லாடி. "மச்சான், இதெல்லாம் லெவன்த்லயே இருக்கேடா" என்றான். சென்டம் வாங்கிய நாங்கள் அவன் நோட்டை ஜெராக்ஸ் எடுத்தோம். இந்தக் குறுக்குவழியை அடைக்கத்தான் 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத் தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26 முதல் அதுவும் இல்லை. ஆகவே பள்ளி சொல்வதை மட்டும் கேட்காதீர்கள். அங்கே படிக்கும் லெவன்த் பிள்ளையின் பிசிக்ஸ் நோட்டை அரையாண்டு சமயத்தில் வாங்கிப் புரட்டுங்கள், உண்மை தெரிந்துவிடும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது என்கிறது. முதல்முறை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்து 50,000 வரை. சிவப்பு எது, பச்சை எது என்று குழந்தையைக் கேட்டு மார்க் போடுவதும், அப்பாவின் டிகிரியைப் பார்த்து சீட் கொடுப்பதும் இதற்குள்தான் வரும். சிறுபான்மை அல்லாத தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடமும் உண்டு. ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருந்து, வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் தேனாம்பேட்டையில் எத்தனையோ குடும்பங்கள் விண்ணப்பிக்கலாம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் இதைச் சொல்லுங்கள், அவர் வீட்டிலும் பிள்ளை இருக்கும்.

ஆனால் இந்தச் சட்டத்தின் காவல் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு வாசலில் கிழிக்கும் கோட்டை அது தடுக்காது. அதனால் எல்.கே.ஜி. விண்ணப்பம் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்: பத்தாவது பாஸ் செய்த எங்கள் பிள்ளைக்கு இங்கேயே பதினொன்றில் சீட் உண்டா? பதிலை வாயால் வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.