வேரில் மட்டும் கருப்பு போதும்

கேள்வி: எனக்கு வயது 43. பள்ளி ஆசிரியை. இடுப்பு வரை முடி இருக்கிறது. பெரும்பகுதி கருமைதான்; வெயிலில் நுனி மட்டும் செம்பட்டை அடித்துவிட்டது. முன்நெற்றியிலும் காதோரத்திலும் நரை. மூன்று, நான்கு வருடமாகப் பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் 'கருப்பு மருதாணி' பாக்கெட்டை வாங்கித் தண்ணீரில் குழைத்து, மாதம் ஒருமுறை முழுத் தலைக்கும் போடுகிறேன். இப்போது சீப்பு இறங்க மாட்டேன் என்கிறது. சீவினால் நுனி பொடிப்பொடியாக உடைகிறது. கடைசி இரண்டு தடவையும் காதுக்குப் பின்னால் கொஞ்சம் அரித்தது. அடுத்த மாதம் நாத்தனார் மகள் கல்யாணம். பார்லர் வேண்டாம், வீட்டிலேயே முடி கெடாமல் கருப்பாக்க வழி சொல்லுங்கள்.
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: போகிற போக்கில் அரிப்பு என்று சொல்லிவிட்டுப் போகிறீர்கள். அங்கேதான் நான் தொடங்க வேண்டும். 'கருப்பு மருதாணி' என்று ஒரு செடி கிடையாது. மருதாணி இலையின் சாயம் செம்மஞ்சள்; அது தனியாக எந்தக் காலத்திலும் முடியைக் கருப்பாக்காது. அரை மணியில் கருகருவென்று மாற்றும் பொடி எதுவானாலும் அதில் வேலை செய்வது அநேகமாக பிபிடி எனப்படும் பாரா ஃபினிலின் டையமின். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுப் படியுங்கள். ஹேர் டை ஒவ்வாமைக்கு முதல் காரணம் இந்தப் பொருள். சாயம் கருப்பாக ஆக ஆக இதன் அளவும் கூடும்.

பல வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுத் திடீரென்று ஒருநாள் உடம்பு இதை ஏற்க மறுக்கும். முதலில் காதோரம், பின்கழுத்தில் அரிப்பு. அடுத்தடுத்த முறை கொப்புளம், இமை வீக்கம் என்று ஏறும். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ தலையை அலசிய கையோடு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். நீங்கள் முதல் படியில் இருக்கிறீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆகவே தோல் மருத்துவரைப் பார்த்து, பிபிடிக்கான பேட்ச் டெஸ்ட் எடுக்கும் வரை எந்த ஹேர் டையும் வேண்டாம். 'பிபிடி இல்லை' என்று விற்பதையும் நம்பிவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் அதன் பங்காளியான டொலுயீன் டையமின் இருக்கும். ஒன்றுக்கு அரிப்பவர்களில் பலருக்கு மற்றதும் அரிக்கும்.

மருத்துவர் சரி என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பார்ப்போம். நிரந்தர டை காரத்தன்மை உள்ளது. அந்தக் காரம் முடியின் மேல் மீன் செதில்போல அடுக்கியிருக்கும் படலத்தைத் தூக்கிவிடும். அந்த இடுக்கு வழியாக நிறமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் உள்ளே போய் அங்கே கருப்பாக மாறித் தங்கும். ஒவ்வொரு தடவையும் செதில் கொஞ்சம் சேதப்படும், முடியின் மேலுள்ள இயற்கையான எண்ணெய்ப் படலம் போகும். அது போனால் முடி சொரசொரக்கும், சிக்காகும். அம்மோனியா இல்லாத டையில் நெடி இல்லை, அவ்வளவுதான். அதற்குப் பதிலாக எத்தனாலமைன் இருக்கும். அதுவும் இதே வேலையைத்தான் செய்யும்.

ஆனால் கருமுடிக்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பொன்னிறம் வேண்டுமென்றால் முடியிலுள்ள இயற்கைக் கருமையை வெளுத்தாக வேண்டும். முடி அதிகம் சாவது அந்த வெளுப்பில்தான். கருமுடியைக் கருப்பாக்க எதையும் வெளுக்க வேண்டாம், நிறம் ஏறினால் போதும். டையோடு கலக்கும் பெராக்சைடான டெவலப்பரைத் தனியாக வாங்குபவர்களுக்கு 10 வால்யூம், அதாவது 3 சதவீதம், போதுமானது. பிடிவாதமான நரைக்கு 20 வால்யூம், 6 சதவீதம். கடைக்காரர் எடுத்து நீட்டும் 30, 40க்கு உங்கள் தலையில் வேலையே இல்லை. பெட்டியோடு வருவதாக இருந்தால் அதில் உள்ளதையே கலக்குங்கள், மாற்றிப் போடாதீர்கள்.

உங்கள் நுனி உடைவதற்குக் காரணம் சாயத்தைவிட, அதை மாதாமாதம் முழுத் தலைக்கும் பூசியதுதான். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுமேல் வளர்கிறது. புதிதாக நரைத்துத் தெரிவது அந்த ஒரு சென்டிமீட்டர்தான். ஏற்கெனவே கருப்பேறிய இரண்டடி முடியை எதற்கு மறுபடி மறுபடி வதைக்க வேண்டும்? இடுப்பு நீள முடியின் நுனி பல வருடம் பழையது. உங்கள் பழக்கப்படி அது டஜன் கணக்கில் சாயம் கண்டிருக்கும். இனி வேரோடு நிறுத்துங்கள். உடையும் நுனியை இரண்டு அங்குலம் வெட்டிவிடுங்கள், அதற்கு வேறு மருந்து இல்லை.

பாக்கெட் பொடியில் உலோக உப்புகள் இருந்திருந்தால் அவை முடியில் தங்கியிருக்கும்; பெராக்சைடு பட்டால் முடி சூடாகும், பச்சை ஓடும். சீப்பில் வருகிற முடியை ஒரு வாரம் சேர்த்து, புது டைக் கலவையில் அரை மணி போட்டுப் பாருங்கள். கோளாறு தெரிந்தால் தலையில் வைக்காதீர்கள். அதோடு பேட்ச் டெஸ்ட்டாக, கலவையின் துளியைக் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ வைத்து 48 மணி நேரம் பொறுக்க வேண்டும். பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் முறை இருக்கும். அதே பிராண்டாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி டையைத் திறக்கிறவர்களுக்கு இதனால்தான் எனக்குப் பதில் சொல்லவே பிடிக்காது. பத்து நாளாவது முன்னால் முடித்துவிடுங்கள்.

நிறம் வாங்கும்போது 1 என்று போட்ட அட்டைக் கருப்பை எடுக்காமல் 3 என்ற அடர் பழுப்பை எடுங்கள். நம் ஊர் முடி வெயிலில் பார்த்தால் முழுக் கருப்பு இல்லை. நாற்பதைத் தாண்டிய முகத்துக்கு மேல் மைக்கருப்பு உட்கார்ந்தால் விக் வைத்ததாகத்தான் தெரியும். தவிர, கருப்புப் போதாவிட்டால் அடுத்த முறை கூட்டலாம். கூடிவிட்டால் வெளுத்தால்தான் இறங்கும்.

முதல் நாள் தலைக்குக் குளித்துவிடுங்கள். டை போடுகிற அன்று ஷாம்பு வேண்டாம், மண்டையில் ஊறும் எண்ணெய்ப் பசை கொஞ்சம் காவல். நெற்றி ஓரம், காது மடலில் வாசலின். வேரை விட்டுக் கீழ் முடிக்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் பின்னிக்கொள்ளுங்கள், வழிகிற சாயம் ஒட்டாது. தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கிப் புரதம் கழன்று போவதைக் குறைக்கிறது என்று 2003இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அது தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வகத்தில் நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எவர்சில்வர் கிண்ணம் வேண்டாம். பிளாஸ்டிக்கோ கண்ணாடியோ எடுங்கள். கையுறை கட்டாயம். வேருக்கு மட்டும் என்பதால் பாதி ட்யூப் போதும். வால் சீப்பால் தலையை நான்காக வகிர்ந்து, நரை அதிகமுள்ள முன்நெற்றியிலும் காதோரத்திலும் முதலில் வையுங்கள்; நரை முடி தடித்தது, நிறம் ஏற நேரம் எடுக்கும். பிரஷ் நுனியால் முடிமேல் வையுங்கள், மண்டைத்தோலில் தேய்க்காதீர்கள். பெட்டியில் சொன்ன நேரம் முடிந்ததும் அலசிவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் ஊறட்டும் என்று டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் கருப்பு கூடாது, சேதம்தான் கூடும். தண்ணீர் தெளிந்து வரும் வரை வெதுவெதுப்பாக அலசி, கண்டிஷனர் போடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசிக் குவளை மட்டுமாவது நல்ல தண்ணீர். அடுத்த ஷாம்பு இரண்டு நாள் கழித்து.

செம்பட்டை நுனிக்கு நிரந்தர டை தேவையே இல்லை. பெராக்சைடு சேராத செமி பெர்மனென்ட் நிறம் போதும். சில அலசலில் மங்கும், மறுபடி போடலாம், முடிக்குள் புகுந்து உடைக்காது. சேதப்பட்ட நுனி சாயத்தை வேகமாக உறிஞ்சும் என்பதால் ஐந்து நிமிடத்திலேயே ஒருமுறை துடைத்துப் பாருங்கள்.

மருத்துவர் கூடாது என்றால் மருதாணியும் அவுரியும்தான் வழி. நிதானமான வேலை, அரை நாள் போகும். திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிராகிறது. மருதாணிக்கு ராஜஸ்தானின் சோஜத். இரண்டு பொடியும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். வேறெதுவும் கலக்காத பொடியா என்று லேபிளைப் பாருங்கள். இதற்கும் பேட்ச் டெஸ்ட் உண்டு. மருதாணியை எலுமிச்சைச் சாறும் தேயிலை டிகாக்ஷனும் விட்டுச் சில மணி நேரம் ஊறவைத்து, நரையில் பூசி இரண்டு மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரில் அலசுங்கள். நரை செம்மஞ்சளாகி உங்களைப் பயமுறுத்தும், பொறுங்கள். பிறகு அவுரிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்போடு குழையுங்கள். இதில் எலுமிச்சை, தயிர் எதுவும் கூடாது. பத்து, பதினைந்து நிமிடத்தில் பச்சைக் குழம்பின் மேல் நீலம் படரும். உடனே பூசிவிடுங்கள், வைத்திருந்தால் வீரியம் போய்விடும். ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம். அலசியதும் லேசாகப் பச்சை தட்டும். ஓரிரு நாளில் காற்றுப்பட்டுக் கருக்கும். அதுவரை ஷாம்பு தொடாதீர்கள். முழுக் கருப்பு வர இரண்டு சுற்று ஆகலாம். மருதாணி முடியை வறளவைக்கும், மறுநாள் எண்ணெய் வையுங்கள்.

கேள்வி: தலைக்குக் கலக்கிய டையையே மீசைக்கும் புருவத்துக்கும் போடலாமா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: புருவத்துக்கு ஒருபோதும் வேண்டாம். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மீசைக்கு அதற்கென்று விற்பதை வாங்குங்கள். மூக்குக்குக் கீழே தோல் மெல்லியது, நெடியும் நேராக ஏறும். அதனால் பேட்ச் டெஸ்ட் இங்கே இன்னும் முக்கியம்.

கேள்வி: டை அடித்தால் புற்றுநோய் வரும் என்கிறார்களே?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, சொந்தத் தலைக்கு டை போடுவதை 'வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை' என்ற 3ஆம் பிரிவில்தான் வைத்திருக்கிறது. நாள் முழுக்க இதிலேயே புழங்கும் முடிதிருத்துநர்களின் வேலையை 'அநேகமாகக் காரணமாக இருக்கக்கூடும்' என்னும் 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. வீட்டில் போடுபவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டு, இரண்டு டைகளுக்கு நடுவே நாட்களைத் தள்ளிப் போட்டாலே போதும். கர்ப்பமாக இருப்பவர்கள் முதல் மூன்று மாதம் கழியட்டும் என்று தள்ளிவைப்பது நல்லது. அதன் பிறகும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மிச்சமான கலவையை மூடி வைத்து அடுத்த மாதம் பயன்படுத்தலாமா?
- ஒரு வாசகி, வேலூர்

பதில்: கலந்தது கலந்ததுதான், அன்றே கொட்டிவிட வேண்டும். மூடி வைத்தால் உள்ளே வாயு சேர்ந்து புட்டி வெடிக்கலாம், நிறமும் ஏறாது. கலக்காத ட்யூப்களை மட்டும் மூடி இறுக்கி, குழந்தைகளுக்கு எட்டாத பரணில் வையுங்கள். ஹேர் டை வயிற்றுக்குள் போனால் தொண்டை வீங்கி மூச்சடைக்கும், சிறுநீரகமும் கெடும். குழந்தை வாயில் வைத்ததாகச் சந்தேகம் வந்தாலே, பாக்கெட்டையும் கையில் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.