ஓரிடத்தில் உட்காராத மாணவர்: மருந்தா, வகுப்பறையா?

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் பக்கம், சின்ன வெங்காய அறுவடை நாள்களில் வகுப்பில் கண் சொருகி எரிச்சலோடு இருக்கும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது தூக்கமாக இருக்கலாம். அரியலூரில் கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பையனைச் சீண்டுபவனுக்கு வேண்டியது கண்ணாடியாக இருக்கலாம். ஏ.டி.எச்.டி. என்று நாமே பெயரிட்டுவிடக் கூடாது. அப்படிச் சொல்ல, 12 வயதுக்கு முன்பே தொடங்கிய அறிகுறிகள் 6 மாதமாவது நீடிக்க வேண்டும். பள்ளியில் மட்டுமன்றி வீட்டிலும் தென்பட வேண்டும்.

அதற்காக மருந்தே கூடாது என்பதும் சரியல்ல. 579 குழந்தைகளிடம் நடந்து 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 14 மாத முடிவில் நடத்தைப் பயிற்சியை மட்டும் பெற்றவர்களைவிட, கவனமாக அளவிட்டு மருந்து பெற்றவர்களுக்கே அடிப்படை அறிகுறிகள் அதிகம் குறைந்தன. இரண்டும் சேர்ந்தபோது குறைந்த அளவு மருந்தே போதுமானதாயிற்று. ஆனால் 3 ஆண்டுகளில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. 6 வயதுக்கு உட்பட்டோருக்குப் பெற்றோர் பயிற்சியும் வகுப்பறை முறைகளுமே முதல் வழி.

ஜன்னலோரம் தவிர்த்து முன்வரிசையில் இடம் கொடுங்கள். பத்துக் கணக்குகளை இரண்டிரண்டாகக் கொடுங்கள். நோட்டுகளைச் சேகரிக்கும் வேலையை அவனிடமே விடுங்கள். எழுந்து நடக்க அதுவே நியாயமான காரணம். இரண்டு வாரம் குறிப்பெழுதுங்கள்: எந்தப் பாடவேளை, அதற்குமுன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் அதைக் காட்டலாம். ‘ஓயாத வால்தனம்’ என்ற ஒற்றை வரி யாருக்கும் உதவாது.

மருத்துவர் எழுதிய மாத்திரையை நாம் நிறுத்தச் சொல்லக் கூடாது. மெத்தில்ஃபெனிடேட் பசியைக் குறைக்கும். சத்துணவுத் தட்டில் மீதம் இருக்கிறதா என்று பார்த்துப் பெற்றோரிடம் சொல்லுங்கள்.