பினாங்கில் கப்பல் நிற்கிறதா? அலைச்சல் இல்லாமல் ஒரு நாள்

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல்கள் பல, பினாங்கின் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நிற்கின்றன. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க ஓடாதீர்கள்.

1. இறங்கும்போதே, திரும்பி ஏற வேண்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். புக்கெட் வழியாக வந்திருந்தால், அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். கப்பல் நேரத்தையே நம்புங்கள்.

2. டாக்சி வேண்டாம், நடங்கள். விக்டோரியா மணிக்கூண்டும் கார்ன்வாலிஸ் கோட்டையும் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன.

3. குவீன் தெரு மகாமாரியம்மன் கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். 1833-இல் கட்டிய கோயில் இது. மதியம் நடை சாத்திவிடுவார்கள்.

4. வெயில் ஏறியதும் பழைய கடைவீடுகளின் முகப்பு நடைபாதையில் ஒதுங்கி நடங்கள். மேல்மாடி கூரையாக நிற்பதால் நிழலும் உண்டு, திடீர் மழைக்கும் கவலையில்லை.

5. லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடியுங்கள். கைக்குக் கை உயர்த்தி ஆற்றும்போது நுரை பொங்குவதைப் பார்ப்பதே ஓர் இளைப்பாறல். தமிழிலேயே கேட்டு வாங்கலாம்.

6. சில்லறை ரிங்கிட் கையில் இருக்கட்டும். சிறு கடைகளில் பெரிய நோட்டை மாற்றுவது சிரமம்.

7. கப்பலின் அன்றாட அறிவிப்புத் தாளைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். துறைமுக முகவரின் எண் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். தாமதமானால் உடனே அழைக்கலாம்.

8. குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே திரும்புங்கள். பாதுகாப்புச் சோதனை வரிசை நீளமாக இருந்தாலும் பதற்றம் இருக்காது.