பிளைவுட் பலகையை லேசரால் சுத்தமாக அறுத்தல்

பழனி மலைத் தோட்டங்களில் காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரம் பிளைவுட் செய்யவும் உதவுகிறது. கொடைக்கானல் வரும் பயணிகளுக்கு நினைவுப் பொருள் செய்து விற்க விரும்பும் ஊராருக்கு 40 வாட் லேசர் இயந்திரமும் 3 மி.மீ. பிளைவுட்டும் போதுமானவை. இதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964-ல் உருவாக்கியவர் இந்தியாவில் பிறந்த குமார் பட்டேல்.

லேசர், வாள்போல் மரத்தை அறுப்பதில்லை, எரித்து ஆவியாக்குகிறது. ஒரே இடத்தில் அதிகம் தங்கினால் ஓரம் கரியாகும். ஆகவே நாம் கவனிக்க வேண்டியவை:

1. கொதிநீர் தாங்கும் பலகையின் பீனால் பசை எளிதில் அறுபடாது. வீட்டுள் உபயோகத்துக்கான யூரியா பசைப் பலகையே ஏற்றது.
2. மலையீரத்தில் பலகை வளையும். வளைந்த இடத்தில் ஒளி சரியாகக் குவியாது. பலகைகளை உலர்ந்த இடத்தில், பாரம் வைத்துத் தட்டையாகக் காக்க வேண்டும்.
3. அறுபடும் இடத்தில் காற்றை ஊதினால் புகையும் சுவாலையும் விலகும்.
4. முதலில் துண்டுப் பலகையில் சோதிக்க வேண்டும். மெதுவாக ஒருமுறை ஓட்டுவதைவிட விரைவாக இருமுறை ஓட்டுவது பெரும்பாலும் நலம்.

குளிருக்கு அஞ்சிச் சன்னலை அடைத்துவிடலாகாது. பசைப்புகை நஞ்சாகும், அதைக் குழாய்வழி வெளியேற்றுவது அவசியம். பி.வி.சி. தகட்டை ஒருபோதும் அறுக்கலாகாது. இயந்திரம் ஓடுகையில் அருகில் ஆளும் தீயணைப்பானும் இருத்தல் வேண்டும். கவனமின்றி விட்ட ஒரு பொறி, குழுவின் முதலையே அழித்துவிடும்.