பாலித்தீவின் மூவகை ஆடற்பகுப்பும் பெண்டெட் ஆடலும்

முன்னுரை

இந்தோனேசியாவின் பாலித்தீவில் ஆடலும் நாடகமும் கோயில் வழிபாட்டின் உறுப்புகளாக விளங்குகின்றன. 1969இல் பன்னாட்டு வானூர்தி நிலையம் திறக்கப்பட்ட பின்னர் அயல்நாட்டுப் பயணிகளின் வருகை பெருகியது. தெய்வத்திற்குரிய ஆடல் எது, விருந்தினர்முன் கட்டணம் பெற்று நிகழ்த்தத்தக்கது எது என்னும் வினாவும் அப்போது எழுந்தது. அவ்வினாவிற்கு அறிஞர் அளித்த விடையையும் அதன் எல்லையையும் பெண்டெட் ஆடலின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

மூவகைப் பகுப்பு

1971இல் தென்பசார் நகரில் கூடிய கருத்தரங்கு பாலித்தீவின் ஆடல்களை மூன்றாக வகுத்தது. 'வாலி' என்பது படையலாகவே அமையும் ஆடல். கோயிலின் உள்முற்றத்திற்கு உரியது. 'பெபாலி' சடங்கிற்குத் துணையாக நடுமுற்றத்தில் நிகழ்வது. 'பாலிஹ்-பாலிஹான்' காண்பதற்கென்றே அமைந்த ஆடல்; வெளிமுற்றத்திற்கு உரியது. யுனெஸ்கோ 2015இல் ஒன்பது ஆடல்களை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோதும் இப்பகுப்பையே பின்பற்றியது. ரெஜாங் முதல்வகையிலும், கம்பு என்னும் தொன்மையான நாடகம் இரண்டாம் வகையிலும், லெகோங் மூன்றாம் வகையிலும் அடங்கின.

இப்பகுப்பில் ஆடலின் வகையை உறுதிசெய்வன இடமும் நோக்கமுமே. அடவோ ஒப்பனையோ அன்று. தொபேங் சிதகார்யா இதற்குத் தக்க சான்றாகும். முகமூடி அணிந்த கலைஞர் தம் ஆடலாலேயே சடங்கை நிறைவு செய்கிறார். 'காரியம் நிறைவுற்றது' என்னும் பொருளுடைய வடசொல்லே அதன் பெயராயிற்று.

பெண்டெட்: சென்றதும் மீண்டதும்

பெண்டெட், பெண்கள் படையலும் நறும்புகையும் ஏந்திச் சன்னதிமுன் ஆடும் ஆடல். மூத்தோர் முன்செல்ல இளையோர் பார்த்துப் பயில்வர். 1950களில் இது விருந்தினரை மலர்தூவி வரவேற்கும் மேடையாடலாகவும் வடிவம் பெற்றது. 1962இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் பெருங்குழுவினர் இதனை ஆடினர். தெய்வத்திற்குரிய படையல் பயணிகளுக்கு அளிக்கப்படுவது தகாது என்னும் எதிர்ப்பு எழுந்தது. எனவே, இ வயான் பெராத்தா 'பன்யெம்பிரமா' என்னும் வரவேற்பு ஆடலை மாற்றாக அமைத்தார்.

எனினும், கலைப்பள்ளியில் பன்யெம்பிரமாவைக் கற்ற இளம்பெண்கள் தம் ஊர்க்கோயில் விழாவிலும் அதனையே ஆடலாயினர். கோயிலைக் காக்கும் பொருட்டு வெளியே படைக்கப்பட்ட ஆடல் இவ்வாறு கோயிலுக்குள் படையலாக நுழைந்தது.

முடிவுரை

மேடைக்கும் கோயிலுக்கும் ஆடுவோர் ஒருவரே ஆதலின், வடிவத்திற்கு வேலியிட்டுப் புனிதத்தைக் காத்தல் அரிது. அதேவேளையில் பன்யெம்பிரமாவின் நுழைவு பகுப்பின் அடிப்படையைப் பொய்யாக்கவில்லை; யாருக்காக, எவ்விடத்தில் ஆடப்படுகிறது என்பதே வகையை முடிவுசெய்கிறது என்பதை அது உறுதிப்படுத்துகிறது. ஆகவே, மரபுரிமை ஆவணங்கள் ஆடலின் பெயரையும் அடவுகளையும் மட்டும் பதிவுசெய்தல் போதாது. ஆடப்பட்ட முற்றம், விழா, ஆடியோரின் நோக்கம் ஆகியவற்றையும் பதிவுசெய்தல் வேண்டும். அவை விடுபடின், எஞ்சுவது ஆடலின் புறவடிவம் மட்டுமே.